தராசு காட்டுவது எதை? திணிவு, நிறை, ஆர்முடுகல் பற்றி ஒரு பாமரனின் கேள்விகள்

மத்திய வீதிக் கடைக்காரர்

வணக்கம். திருகோணமலையில் அரிசி, பருப்பு, மா விற்கும் கடை ஒன்றை நடத்தி வருகிறேன். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படித்ததால் பௌதிகவியலை முறையாகக் கற்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. சாதாரண தரத்தில் படிக்கும் மகளின் விஞ்ஞானப் புத்தகத்தைப் பார்த்தபோது, திணிவு எங்கும் மாறாது, நிறை இடத்துக்கு இடம் மாறும் என்றும், திணிவின் அலகு கிலோகிராம், நிறையின் அலகு நியூற்றன் என்றும் எழுதியிருந்தது. என் கடையிலுள்ள இலத்திரனியல் தராசு கிலோகிராமில்தான் காட்டுகிறது. அப்படியானால் அது அளப்பது திணிவையா, நிறையையா?

இதைத் தொடர்ந்து வேறு இரண்டு சந்தேகங்கள் எழுந்தன. விசை என்பது திணிவை ஆர்முடுகலால், அதாவது வேகம் மாறும் வீதத்தால், பெருக்க வருவது என்று புத்தகம் சொல்கிறது. திணிவு என்றால் என்ன என்று கேட்டால், குறித்த ஒரு விசைக்குப் பொருள் எவ்வளவு ஆர்முடுகுகிறது என்பதைக் கொண்டு அறியலாம் என்கிறார்கள். விசையைத் திணிவாலும் திணிவை விசையாலும் விளக்கினால், முடிவில் எதைத்தான் விளக்கியிருக்கிறோம்? அடுத்தது, பாரமான பொருளும் இலேசான பொருளும் ஒரே வேகத்தில் விழும் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் அப்படி விழவேண்டும் என்பதற்கு எனக்கு விளங்கும்படி ஒருவரும் பதில் தரவில்லை. சூத்திரத்தில் இரண்டு பக்கமும் திணிவு வெட்டுப்பட்டுப் போகிறது என்பது எனக்குக் காரணமாகத் தெரியவில்லை.

மூதூர் ஆசிரியர்

மூன்று கேள்விகளும் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேர்கின்றன. தராசிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் இலத்திரனியல் தராசின் தட்டுக்குக் கீழே ஓர் உலோகத் துண்டு இருக்கிறது. மூடையை வைத்ததும் அது மிகச் சிறிதளவு வளைகிறது. அந்த வளைவு அதில் ஒட்டப்பட்ட மெல்லிய கம்பியின் மின்தடையை மாற்றுகிறது. அந்த மாற்றத்தையே தராசு எண்ணாகக் காட்டுகிறது. உலோகத்தை வளைப்பது விசை. நிறை என்பது பூமி பொருளை இழுக்கும் விசை. ஆகவே தராசு உணர்வது நிறையை மட்டுமே. அந்த விசையை ஓர் எண்ணால் வகுத்துக் கிலோகிராமாக எழுதிக் காட்டுகிறது. வகுக்கும் அந்த எண், தராசைச் செப்பஞ்செய்த (சரியாகக் காட்டும்படி அமைத்த) இடத்தின் புவியீர்ப்பு ஆர்முடுகல்.

இது வெறும் வாதமல்ல, அளந்து பார்க்கக்கூடிய வேறுபாடு. இலண்டனில் புவியீர்ப்பு ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் ஏறத்தாழ 9.812 மீற்றர்; வட அகலக்கோடு எட்டரைப் பாகையில் இருக்கும் திருகோணமலையில் ஏறத்தாழ 9.781 மீற்றர். இலண்டனில் செப்பஞ்செய்த தராசை அப்படியே இங்கு கொண்டுவந்து 50 கிலோகிராம் அரிசி மூடையை வைத்தால், அது ஏறக்குறைய 155 கிராம் குறைத்துக் காட்டும். அரிசியில் ஒரு மணிகூடக் குறைந்திருக்காது. தராசை, அது பயன்படும் இடத்திலேயே நியமப் படிக்கல் வைத்துச் சரிபார்க்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய இரட்டைத் தட்டுத் தராசின் கதை வேறு. ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் அரிசி. ஈர்ப்பு குறைந்தால் இரண்டுக்கும் ஒரே விகிதத்தில் குறையும், ஆகவே சமநிலை மாறாது. அதைச் சந்திரனுக்குக் கொண்டுபோனாலும் அது அதே விடையைத் தரும். அந்தத் தராசு செய்வது திணிவுகளின் ஒப்பீடு.

ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதற்கு ஊசல் மணிக்கூடும் சாட்சி. ஈர்ப்பு குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும். 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ஜோன் ரிஷே, மத்திய கோட்டுக்கு அண்மையிலுள்ள கயேன் என்ற ஊருக்குத் தம் ஊசல் மணிக்கூட்டைக் கொண்டுசென்றபோது, பாரிசில் சரியாக ஓடிய அது நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பிந்துவதைக் கண்டார். இலண்டனில் திருத்திய ஊசல் மணிக்கூடு திருகோணமலையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 135 செக்கன் பிந்தும் என்று நாமே கணித்துக்கொள்ளலாம். பூமி சுழல்வதும், அதனால் அது மத்திய கோட்டருகே சற்றுப் புடைத்திருப்பதுமே காரணங்கள். ரிஷேயின் அளவீட்டை நியூற்றன் 1687இல் வெளிவந்த தம் பெருநூலில் பயன்படுத்தினார்.

கிண்ணியா கணிதம்

ஆசிரியர் சொன்னதில் ஒரு சிறு திருத்தத்தைச் சேர்க்க அனுமதியுங்கள். இரட்டைத் தட்டுத் தராசும் திணிவுகளை முழுத் துல்லியத்துடன் ஒப்பிடுவதில்லை. காற்றும், நீரைப் போல, பாயும் பொருள், அதாவது ஒரு பாயி. அதில் அமிழ்ந்திருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் மேலுதைப்பு, அதாவது மேல்நோக்கிய தள்ளல், உண்டு. அரிசி மணிகளின் அடர்த்தி இரும்பினுடையதைவிட மிகக் குறைவாதலால், ஒரே திணிவுக்கு அவை அதிக இடத்தைப் பிடித்து அதிகக் காற்றை விலக்குகின்றன. 50 கிலோகிராம் இரும்புப் படிக்கல்லோடு சமநிலையில் நிற்கும் அரிசியின் திணிவு, 50 கிலோகிராமைவிட ஏறத்தாழ 35 கிராம் அதிகம். வியாபாரத்தில் இதை எவரும் கணக்கில் எடுப்பதில்லை, எடுக்கவேண்டியதுமில்லை. ஆனால், தராசு நேரடியாக எதைக் காட்டுகிறது என்று கேட்கும்போது இதையும் சேர்த்துத்தான் சிந்திக்க வேண்டும்.

உப்புவெளி மாணவி

பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். அண்ணாவின் இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத விரும்புகிறேன். அது அறிவியல் வரலாற்றில் பெரியவர்கள் பலர் கேட்ட கேள்வி.

நியூற்றன் திணிவைச் சடப்பொருளின் அளவு என்று வரையறுத்து, அதை அடர்த்தியையும் கனவளவையும் பெருக்கிப் பெறலாம் என்றார். அடர்த்தியைத் திணிவைக் கொண்டுதானே வரையறுக்கிறோம் என்று பிற்காலத்தவர் கேட்டார்கள். அவர்களுள் கூர்மையாகக் கேட்டவர் ஒஸ்திரிய பௌதிகவியலாளர் ஏர்ண்ஸ்ட் மாக். 1883இல் வெளியான தம் இயக்கவியல் நூலில் இந்த வட்டத்திலிருந்து வெளியேற அவர் ஒரு வழி காட்டினார். உராய்வு இல்லாத தளத்தில் இரண்டு பொருள்களை ஒன்றோடொன்று மட்டும் தாக்கமுற விடுங்கள். இடையில் ஒரு சுருள்வில்லை வைத்து அமுக்கி விடுவித்தால் போதும். இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் ஆர்முடுகும். அந்த ஆர்முடுகல்களின் விகிதத்தை அளக்கலாம். அதற்கு விசை என்ற எண்ணமே தேவையில்லை, அளவுகோலும் கடிகாரமும் போதும். ஒன்று மற்றதைப்போல் இருமடங்கு ஆர்முடுகினால், அதன் திணிவு மற்றதன் பாதி என்று சொல்கிறோம்.

இது வெறும் பெயர்சூட்டல் என்று தோன்றலாம். ஆனால் இயற்கை வேறு விதமாகவும் இருந்திருக்கலாம் என்பதைக் கவனியுங்கள். வலிய சுருள்வில்லை வைத்தால் ஒரு விகிதமும், மெலிய சுருள்வில்லை வைத்தால் வேறு விகிதமும் வந்திருக்கலாம். முதற்பொருள் இரண்டாவதைப்போல் இருமடங்காகவும், இரண்டாவது மூன்றாவதைப்போல் மும்மடங்காகவும் இருக்கும்போது, முதலும் மூன்றாவதும் மோதினால் ஆறு என்ற எண் வராமல் வேறெதுவோ வந்திருக்கலாம். அப்படி வருவதில்லை. எந்தச் சுருள்வில்லை வைத்தாலும், காந்தங்களைக் கொண்டு தள்ளினாலும், விகிதம் ஒன்றே. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்ணை ஒட்டிவைக்க முடிகிறது என்பதே ஓர் இயற்கை விதி. அந்த எண்ணைத் திணிவு என்கிறோம். அதன்பின் திணிவையும் ஆர்முடுகலையும் பெருக்கி வருவதற்கு விசை என்று பெயரிட்டால் அதில் வட்டம் இல்லை. வரையறை இருக்கிறது, அந்த வரையறையைத் தாங்கி நிற்கும் சோதனை முடிவும் இருக்கிறது.

மத்திய வீதிக் கடைக்காரர்

நன்றி, தங்கை. பெயர் எங்கே முடிகிறது, சோதனை எங்கே தொடங்குகிறது என்பதை இதுவரை எவரும் எனக்குப் பிரித்துச் சொன்னதில்லை. ஆனால் இப்போது இன்னொன்று இடறுகிறது. இந்த விளக்கம் முழுவதும் ஆர்முடுகலை அளக்க முடியும் என்பதன் மேல் நிற்கிறது. ஆர்முடுகல் வேகம் மாறும் வீதம். வேகம் தூரம் மாறும் வீதம். ஒரு கணத்தில் இருக்கும் வேகம் என்கிறார்கள். ஒரு கணத்தில் நேரம் கழிவதில்லை, பொருளும் நகர்வதில்லை. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்து எப்படி வேகத்தைப் பெறுவது?

கிண்ணியா கணிதம்

இந்தக் கேள்விக்கு முழுமையான பதில் கிடைக்க ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆயின என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூற்றனும் லைப்னிற்சும் நுண்கணிதத்தை உருவாக்கியபின், 1734இல் பார்க்லி என்ற அயர்லாந்து மெய்யியலாளர் உங்களுடைய இதே ஆட்சேபத்தை அச்சில் எழுப்பினார். முதலில் சிறிய நேர இடைவெளி பூச்சியம் அல்ல என்று வைத்து வகுக்கிறார்கள், பிறகு அதைப் பூச்சியம் என்று தள்ளிவிடுகிறார்கள், இரண்டையும் ஒருசேர எப்படி ஏற்பது என்று அவர் கேட்டார். அவருடைய ஆட்சேபம் நியாயமானது. கணக்குகள் சரியான விடைகளைத் தந்தன, அடித்தளம்தான் இடப்படாமல் இருந்தது.

எண்களை வைத்துப் பார்ப்போம். இங்குள்ள இராவணன் வெட்டு என்ற செங்குத்துப் பாறையின் உயரத்திலிருந்து ஒரு கல் நழுவி விழுகிறது என்று கொள்ளுங்கள். காற்றின் தடையை விட்டுவிட்டால், கழிந்த செக்கன்களின் வர்க்கத்தை 4.9ஆல் பெருக்கினால் அது விழுந்த தூரம் மீற்றரில் வரும். இரண்டாவது செக்கன் முடிவில் அதன் வேகம் என்ன? அந்தக் கணத்திலிருந்து 0.1 செக்கன் வரையான இடைவெளியை எடுத்தால் சராசரி வேகம் செக்கனுக்கு 20.09 மீற்றர். 0.01 செக்கன் எடுத்தால் 19.649. 0.001 செக்கன் எடுத்தால் 19.6049. இடைவெளியைக் குறைக்கக் குறைக்க எண்கள் 19.6ஐ நெருங்குகின்றன. எந்த இடைவெளியிலும் அது 19.6 ஆவதில்லை, இடைவெளியைப் பூச்சியமாக்கினால் கணக்கே பொருளற்றுப் போகிறது.

கணிதவியலாளர் கோஷி 1821இலும், அவருக்குப்பின் வயர்ஸ்ட்ராஸ் என்ற கணிதவியலாளரும் தெளிவுபடுத்தியது இதுதான்: பூச்சியத்தால் வகுக்கவே வேண்டாம். நீங்கள் எனக்கு ஒரு பிழையெல்லையைச் சொல்லுங்கள், எவ்வளவு சிறிதானாலும் சரி. பத்தாயிரத்தில் ஒன்று என்கிறீர்கள். நான் ஒரு நேர இடைவெளியைத் தருகிறேன். அதைவிடச் சிறிய எந்த இடைவெளியை நீங்கள் எடுத்தாலும், சராசரி வேகம் 19.6இலிருந்து பத்தாயிரத்தில் ஒன்றுக்குமேல் விலகாது. கோடியில் ஒன்று என்று கேட்டால் அதற்கும் ஓர் இடைவெளி தருவேன். எந்தச் சவாலுக்கும் இப்படி ஈடுகொடுக்கக்கூடிய எண் ஒன்றே ஒன்றுதான் உண்டு, 19.6க்குப் பதிலாக 19.60001 என்று வைத்தால், ஏதோவொரு சவாலில் தோற்றுவிடும். அந்த ஒரே எண்ணைத்தான் எல்லை என்கிறோம். கணத்தின் வேகம் என்பது அந்தக் கணத்தைச் சூழ்ந்த எல்லாச் சிறு இடைவெளிகளும் சேர்ந்து நிர்ணயிக்கும் எண். அசையாத ஒரு கணத்துக்குள் ஒளிந்திருக்கும் அசைவை நாம் தேடவில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்தியக் கணிதவியலாளர் பாஸ்கரர், கோள் ஒன்றின் அந்தந்தக் கணத்து வேகத்தைத் தனியாகக் கணக்கிட்டார் என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன். கேள்வி மிகப் பழையது. அதற்கு ஐயமற்ற சொற்களில் ஒரு வரையறை கிடைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

மூதூர் ஆசிரியர்

கணித ஆசிரியர் சொன்னதற்கு மேல் அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

சூத்திரத்தில் திணிவு வெட்டுப்படுவது காரணமாகத் தெரியவில்லை என்று எழுதினீர்கள். உங்கள் உள்ளுணர்வு சரியானது. வெட்டுப்படுவது ஒரே திணிவு அல்ல. இரண்டு வேறு பண்புகளுக்கு நாம் ஒரே பெயரை இட்டிருக்கிறோம். மாணவி விளக்கிய சுருள்வில் சோதனையில் வருவது, இயக்கத்தை மாற்ற முயலும்போது பொருள் காட்டும் எதிர்ப்பு. அதைச் சடத்துவத் திணிவு என்போம். அந்தச் சோதனையில் பூமியின் ஈர்ப்புக்கு எந்தப் பங்கும் இல்லை. பூமி ஒரு பொருளை எவ்வளவு வலிமையாக இழுக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் பண்பு மற்றொன்று. அதை ஈர்ப்புத் திணிவு என்போம். மின்விசையோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். மின்புலத்தில் ஒரு துணிக்கை எவ்வளவு இழுக்கப்படும் என்பதை அதன் மின்னேற்றம் தீர்மானிக்கிறது. புரோத்தனும், இலத்திரனின் திணிவைக் கொண்ட நேரேற்றத் துணிக்கையான பொசித்திரனும் சம ஏற்றம் உடையவை. ஆனால் புரோத்தனின் திணிவு பொசித்திரனைவிட ஏறத்தாழ 1836 மடங்கு. ஒரே மின்புலத்தில் அவை ஒரே ஆர்முடுகலைப் பெறுவதில்லை. ஈர்ப்பில் மட்டும் எல்லாப் பொருள்களும் ஒரே ஆர்முடுகலைப் பெறுகின்றன என்றால், ஈர்ப்புத் திணிவும் சடத்துவத் திணிவும் எல்லாப் பொருள்களிலும் ஒரே விகிதத்தில் இருக்கின்றன என்று பொருள். அது தர்க்கத்தால் வருவதல்ல. சோதித்துத்தான் அறிய முடியும்.

நியூற்றன் இதை உணர்ந்திருந்தார். பொன், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், கறியுப்பு, மரம், நீர், கோதுமை ஆகியவற்றைச் சம நிறையில் எடுத்து, ஒரே வடிவான மரப்பெட்டிகளில் இட்டு, 11 அடி நீளக் கயிறுகளில் தொங்கவிட்டு ஊசல்களாக ஆட்டினார். அவை எல்லாம் ஒத்து ஆடின. ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்திருந்தாலும் தமக்குத் தெரிந்திருக்கும் என்று எழுதினார். ஹங்கேரியரான ஏட்வெஷ் 1889இல், கம்பி முறுகுவதைக் கொண்டு மிகச் சிறிய விசைகளை அளக்கும் முறுக்குத் தராசைக் கொண்டு அந்தத் துல்லியத்தை இரண்டு கோடியில் ஒரு பங்குக்குக் கொண்டுபோனார். 1971இல் அப்பலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்கொட், காற்றில்லாத சந்திரத் தரையில் சுத்தியலையும் வல்லூற்று இறகையும் ஒன்றாக விழவிட்டுக் காட்டினார். 2016இல் ஏவப்பட்ட மைக்ரோஸ்கோப் என்ற பிரெஞ்சுச் செய்மதி, தைத்தேனியக் கலப்புலோகத்தையும் பிளாற்றினக் கலப்புலோகத்தையும் ஒப்பிட்டது. 2022இல் வெளியான அதன் இறுதி முடிவுப்படி, ஆயிரம் இலட்சம் கோடிக்குச் சில பங்கு என்ற அளவு வரை வேறுபாடு எதுவும் தென்படவில்லை.

உப்புவெளி மாணவி

இவ்வளவு துல்லியமான பொருத்தம் தற்செயலாக இருக்க முடியாது என்பதைத் தம் தொடக்கப்புள்ளியாக எடுத்துக்கொண்டவர் ஐன்ஸ்டைன். 1907இல், பேர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றியபோது, தடையின்றி விழும் மனிதன் தன் நிறையை உணரமாட்டான் என்று அவருக்குத் தோன்றியது. அவனோடு சேர்ந்து அவன் பையிலுள்ளவையும் அதே ஆர்முடுகலில் விழுவதால், அவனைப் பொறுத்தவரை அவை மிதந்தபடி நிற்கும். சிறியதோர் இடத்துக்குள் செய்யும் எந்தச் சோதனையாலும், ஈர்ப்பின் கீழ் சுயாதீனமாக விழுகிறோமா, ஈர்ப்பே இல்லாத வெளியில் மிதக்கிறோமா என்று வேறுபடுத்த முடியாது. இதையே சமவலுத் தத்துவம் என்கிறோம்.

இதிலிருந்து 1915இல் அவர் அடைந்த பொதுச் சார்பியல் தரும் விடை, அண்ணாவின் கேள்வியையே மாற்றிவைக்கிறது. விழும் பொருளை எந்த விசையும் இழுப்பதில்லை; வெளியும் நேரமும் ஒன்றாக இணைந்த, வளைந்த வெளி-நேரத்தில் எவ்வளவு நேராகச் செல்ல முடியுமோ அவ்வளவு நேராக அது செல்கிறது. பாதை வெளி-நேரத்தின் பண்பாக இருப்பதால், அதில் செல்வது இரும்பா இறகா என்பது பொருட்டல்ல. மாறாக, தரையில் நிற்கும் நம்மைத்தான் தரை மேல்நோக்கித் தள்ளி அந்தப் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டிருக்கிறது. தராசின் உலோகத் துண்டு வளைவதும் அந்தத் தள்ளுதலால்தான்.

கொட்டியாரக் கடல்

ஆழ்கடல் மீன்பிடியில் இருப்பவன். வெளி-நேரம் வளைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி. எங்களைப் போன்றவர்களின் வாழ்க்கையில் அதற்கு அடையாளம் ஏதாவது உண்டா, அல்லது அது கணக்கில் மட்டும் உள்ளதா?

உப்புவெளி மாணவி

உங்கள் வள்ளத்திலுள்ள ஜிபிஎஸ் கருவியிலேயே உண்டு, அண்ணா. அது செய்மதிகளிலுள்ள அணுக் கடிகாரங்களின் நேரத்தைப் பெற்றுத்தான் இடத்தைக் கணிக்கிறது. உயரத்தில் ஈர்ப்பு குறைவாக இருப்பதால் அந்தக் கடிகாரங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 மைக்ரோசெக்கன் முந்துகின்றன. விரைந்து செல்வதால் ஏறத்தாழ 7 மைக்ரோசெக்கன் பிந்துகின்றன. நிகரமாக 38 மைக்ரோசெக்கன் முந்தல். ஒளி அந்த நேரத்தில் 11 கிலோமீற்றருக்கு மேல் சென்றுவிடும். இந்த விளைவுகளைக் கணக்கில் எடுத்தே அந்த முறைமை வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

நீங்கள் செல்லும் கடலைப் பற்றியும் ஒன்று. இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில், பூமியின் சீரான நீள்வட்ட வடிவத்தோடு ஒப்பிடும்போது கடல்மட்டம் ஏறத்தாழ 106 மீற்றர் தாழ்ந்திருக்கிறது. பூமியின் உள்ளே திணிவு சமமாகப் பரவாததால் ஈர்ப்பு அங்கே சற்று மெலிந்திருப்பதே காரணம். கடல் நீர் அந்த ஈர்ப்புக்கேற்ப அமைவதால், அதன் மேல் செல்லும் கப்பல் எந்தச் சரிவையும் உணராது.

மத்திய வீதிக் கடைக்காரர்

ஒவ்வொரு பதிலையும் மீண்டும் மீண்டும் படித்தேன். இரண்டு திணிவுகளும் ஏன் சமம் என்பதற்கு, அவை அடிப்படையில் இரண்டல்ல என்பதே பதில் என்று விளங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு பொருளுக்குத் திணிவு எங்கிருந்து வருகிறது? ஹிக்ஸ் துணிக்கைதான் திணிவைக் கொடுக்கிறது என்று 2012இல் பத்திரிகைகளில் படித்த நினைவு இருக்கிறது.

உப்புவெளி மாணவி

அந்தச் செய்தி பாதியளவே சரி. இலத்திரன், குவார்க் போன்ற அடிப்படைத் துணிக்கைகளின் திணிவு ஹிக்ஸ் புலத்தோடு தொடர்புடையது. ஆனால் அரிசியின் திணிவு ஏறக்குறைய முழுவதும் அணுக்கருக்களின் புரோத்தன்களிலும் நியூத்திரன்களிலும் இருக்கிறது. ஒரு புரோத்தனுக்குள் இருக்கும் மூன்று குவார்க்குகளின் தனித் திணிவுகளைக் கூட்டினால், புரோத்தனின் திணிவில் நூற்றில் ஒரு பங்களவே வரும். மிகுதி, அந்தக் குவார்க்குகளின் இயக்கத்திலும் அவற்றைப் பிணைத்திருக்கும் வன்விசைப் புலத்திலும் உள்ள சக்தி. சக்திக்குத் திணிவு உண்டு என்ற ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டு முடிவு உங்கள் கடையில் அடுக்கியிருக்கும் மூடைகளில் அப்படியே நிற்கிறது. 50 கிலோகிராமில் ஏறத்தாழ நாற்பத்தொன்பதரைக் கிலோகிராம் இப்படி அடைபட்டிருக்கும் சக்தி.

அந்தச் சக்தியும் மற்றப் பொருள்களைப் போலவே விழுகிறது. இதுவும் சோதிக்கப்பட்டதுதான்: வெவ்வேறு மூலகங்களில் அணுக்கருப் பிணைப்புச் சக்தியின் பங்கு வேறு வேறு, இருந்தும் ஆசிரியர் சொன்ன சோதனைகளில் அவை ஒத்தே விழுந்தன.

மத்திய வீதிக் கடைக்காரர்

நியூற்றன் பயன்படுத்திய ஒன்பதில் உப்பும் மணலும் நீரும் இங்கே எளிதில் கிடைப்பவை. பாடசாலை விடுமுறையில் மகளோடு சேர்ந்து அந்த ஊசல் சோதனையைச் செய்ய எண்ணியிருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

மூதூர் ஆசிரியர்

கட்டாயம் செய்யுங்கள். ஒரே அளவான, மூடியுள்ள இரண்டு தகரப் பேணிகளை எடுங்கள். ஒன்றில் உப்பையும் மற்றதில் அரிசியையும் சம நிறையில் இடுங்கள். வெளிவடிவம் ஒன்றாக இருந்தால் காற்றின் தடை இரண்டுக்கும் ஒன்றாக இருக்கும். நியூற்றன் ஒரே வடிவான பெட்டிகளைத் தேர்ந்ததும் அதற்காகத்தான். இழுபடாத நூலில், அசையாத கூரை மரத்தில் இரண்டையும் அருகருகே கட்டி, சிறு கோணத்தில் ஒன்றாக விடுங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பல நிமிடங்களுக்குப் பின்னும் இரண்டும் ஒத்து ஆடுகின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும். சிறு வேறுபாடும் ஆட்டத்துக்கு ஆட்டம் சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளரும்.

ஒரே ஒரு பொறி உண்டு. ஊசலின் நீளத்தைப் பேணியின் அடிவரையோ மூடிவரையோ அளக்கக்கூடாது. உள்ளே இருக்கும் பொருளின் புவியீர்ப்பு மையம் வரை அளக்க வேண்டும். சம நிறையுள்ள அரிசி உப்பைவிட அதிக உயரத்துக்கு நிரம்பும். ஆகவே அதன் மையம் மேலே இருக்கும், அந்த ஊசல் சற்றுக் குறுகியதாகி விரைவாக ஆடும். ஒரு மீற்றர் ஊசலில் ஒரு சென்ரிமீற்றர் வேறுபாடு இருந்தால், 100 ஆட்டங்களில் ஏறத்தாழ ஒரு செக்கன் விலகல் வந்துவிடும். பிள்ளை அதைப் பார்த்துவிட்டு நியூற்றன் பிழை என்று சொல்லக்கூடும். நிரப்பிய பேணிகளைப் படுக்கையாகக் கத்தி முனையில் வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டு, அங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே பொருள் சரியாமலிருக்க மேலே பஞ்சு வைத்து இறுக்கிவிடுங்கள். இரண்டு கோடுகளும் ஒரே மட்டத்தில் தொங்கும்படி நூலைத் திருத்திய பின்னரே ஆட்டத்தைத் தொடங்குங்கள்.